டியூப் ஹெட்ஃபோன் ஆம்ப்: பழைய மாடலா, புது மாடலா? கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கிறேன். கையில் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன் இருக்கிறது, அதை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பில் போட்டுக் கேட்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். பழைய தமிழ்ப் பாட்டு, கர்நாடகக் கச்சேரி, சில வேளை நாதஸ்வரம். டியூப் ஆம்ப் ஒன்று, அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி டியூப் (வால்வு என்றும் சொல்வார்கள்) வைத்த ஆம்ப்ளிஃபையர், வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இந்த வருஷம் காசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

கண்ணில் பட்டவை இரண்டு. முதலாவது, பினாங்கில் ஒருவர் விற்கும் பாட்டில்ஹெட் கிராக் என்ற ஆம்ப். 2012-இல் அமெரிக்காவிலிருந்து கிட்டாக வரவழைத்து அவரே சோல்டர் செய்தது. ஸ்பீட்பால் என்ற மேம்பாட்டுப் பலகையும் போட்டாயிற்று என்கிறார். 1,200 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். இரண்டாவது, ஷிட் கம்பெனியின் புத்தம் புதிய வாலி 3. அனுப்பும் செலவைச் சேர்த்தாலும் கிராக்கைவிட மலிவு.

பழசு வாங்கினால் வீட்டில் புகை கிளம்புமோ என்று பயம். புதுசு வாங்கினால் டியூப் வெறும் அலங்காரத்துக்கு நிற்குமோ என்று சந்தேகம். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கிள்ளான்_கேட்பவர்

யோசிக்கவே வேண்டாம், புதுசு வாங்குங்கள். வாரண்டி உண்டு, எந்த ஹெட்ஃபோனை மாட்டினாலும் வேலை செய்யும். வாலி 3-இல் டியூப் அலங்காரத்துக்கு இல்லை. டியூப் வோல்டேஜைப் பெருக்குகிறது, பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் ஹெட்ஃபோனுக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கிறது. ஹைப்ரிட் என்பது அதுதான்.

புது மாடல் ஏன் நல்லது என்பதற்கு அந்த வரிசையிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-இல் வந்த முதல் வாலியில் 6088 என்ற குட்டி டியூப் இரண்டு. காது கேட்கும் கருவிகளில் போடுகிற அளவுக்குச் சின்னது, பலகையிலேயே சோல்டர் செய்யப்பட்டிருக்கும். மேசையைத் தட்டினால் காதில் மணி அடித்த மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும், அடங்க நேரமாகும். டியூப் போய்விட்டால் நாமே மாற்றவும் முடியாது. வாலி 2 வந்தபோது சாக்கெட் வைத்து, கழற்றி மாட்டுகிற ஒன்பது கால் டியூப் ஒன்றாக மாற்றினார்கள். வாலி 3-உம் அதே பாதைதான். பழைய மாடலில் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புது மாடலில் சரி செய்கிறார்கள். அந்த நன்மையை ஏன் விட வேண்டும்?

வால்வு_மாமா (பட்டர்வொர்த்)

தம்பி, கிள்ளான் நண்பர் சொன்ன உதாரணம் சரிதான். ஆனால் அது ஹைப்ரிட் கதை. கிராக் முழு டியூப் ஆம்ப். அதில் 12ஏயூ7 ஒன்று, 6080 ஒன்று, அவ்வளவுதான். வெளியே போகும் வழியில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஓடிஎல் வகை.

6080 பாட்டுக்காகப் பிறந்த வால்வு இல்லை. மின்சப்ளையில் வோல்டேஜை நிலையாக வைத்திருக்கச் செய்தது. அதனால்தான் உள் தடை குறைவு, கரண்டு தாராளம். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஹெட்ஃபோனுக்குக் கொண்டு வந்தார்கள். 6ஏஎஸ்7 வால்வும் அதே குடும்பம். இன்றைக்குக் கடைக்கு வருகிற புது ஓடிஎல் ஆம்புகளைத் திறந்து பார்த்தாலும் முக்கால்வாசி இதே சர்க்யூட். 12ஏயூ7-க்குப் பதிலாக 6எஸ்என்7 இருக்கும், வேறு பெயர் இருக்கும். அடிப்படை அப்படியே. இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். கையால் கம்பி இழுத்துச் செய்த ஆம்பை எவரும் திறந்து பார்த்து ரிப்பேர் செய்யலாம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். புதுசுகளில் அரிசிக் குருணை அளவு சாமான்கள் பலகையில் ஒட்டியிருக்கும். வாரண்டி முடிந்த மறுநாள் அது கெட்டால் யாரிடம் கொண்டு போவீர்கள்?

பாயான்_டெக்

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மின்சப்ளைப் பலகைகளைச் சோதிப்பதுதான் தினசரி வேலை, டியூப் ஆம்ப் வார இறுதிக்கு. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் எளிதாகும். ஆம்பில் எது வயதாகிறது, எது வயதாவதில்லை?

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகச் செய்திருந்தால் நம் ஆயுளைத் தாண்டி நிற்கும். பெட்டி, கம்பி, ஃபிலிம் கெப்பாசிட்டர், நல்ல ரெசிஸ்டர் எல்லாம் அப்படித்தான். வயதாகிறவை மூன்று: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், வால்யூம் திருகு, டியூப். இதில் டியூபை எவரும் மாற்றிவிடுவார்கள், திருகு கரகரத்தால் காதே சொல்லிவிடும். ஓசையில்லாமல் கெடுவது கெப்பாசிட்டர்.

உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்லக் காய்கிறது. பொதுவான கணக்கு, 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும், 10 குறைந்தால் இரட்டிப்பாகும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டரை ஆம்புக்குள் 65 டிகிரியில் வைத்தால் சுமார் 8,000 மணி நேரம். அதே இடத்தில் 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று அச்சிட்டதை வைத்தால் 32,000 மணி நேரம். விலையில் சில சென் வித்தியாசம்தான்.

இப்போது நம் ஊரை நினையுங்கள். குளிர் நாட்டில் 20 டிகிரி அறையில் இருக்கும் ஆம்ப், இங்கே ஏர்கோன் இல்லாத அறையில் 32 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த 12 டிகிரியே ஆயுளைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். அதை டிவி அலமாரிக்குள் தள்ளிக் கதவையும் சாத்தி வைப்பவர்கள் உண்டு. அப்படிப் பத்து வருஷம் வாழ்ந்த ஆம்பும், மேசைமேல் காற்றோட்டமாக வாழ்ந்த ஆம்பும் ஒரே வயது இல்லை.

எனவே 2012 என்பது மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே வைத்திருந்தார்? உள்ளே படம் எடுத்து அனுப்புவாரா? படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கிள்ளான்_கேட்பவர்

டெக் அண்ணே, அதே கணக்கு புது ஆம்புக்கும் பொருந்தும்தானே? இன்று வாங்கினால் கெப்பாசிட்டரின் முழு ஆயுளும் நமக்குக் கிடைக்கும். பழசில் மிச்சம்தான் கிடைக்கும்.

பாயான்_டெக்

பொருந்தும். மலிவான புது ஆம்பில் 85 டிகிரி கெப்பாசிட்டரைக் கொண்டுபோய் 6080 பக்கத்திலேயே நிறுத்தியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். 6080-இன் ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் கம்பி) மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் குடிக்கிறது, கிட்டத்தட்ட 16 வாட். பக்கத்தில் இருப்பதெல்லாம் வேகும். புதுசு என்பதாலேயே அது நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்ல முடியாது. இடத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, புது மாடல் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியது: நம் வீட்டுக் கரண்டு. மலேசியாவில் 2008 முதல் பெயரளவில் 230 வோல்ட். அதிலிருந்து 10 சதவீதம் மேலே, 6 சதவீதம் கீழே போகலாம் என்பது விதி. அதாவது 253 வரை ஏறினாலும் விதிக்கு உட்பட்டதுதான். நடைமுறையில் நிறைய வீடுகளில் மீட்டரை வைத்தால் 240-ஐ ஒட்டி நிற்கும்.

சீனாவிலிருந்து வரும் ஆம்ப் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் 220-க்குச் சுற்றியது. 220-இல் 6.3 வோல்ட் கொடுக்கும் ஹீட்டர் சுற்று, 240-இல் சுமார் 6.9 கொடுக்கும். பல டியூப் அட்டவணைகள் 10 சதவீதம் வரை தாங்கும் என்கின்றன, அதாவது 6.93. சரியாக விளிம்பில் நிற்கிறோம். இரவு 250 ஆனால் விளிம்பைத் தாண்டிவிட்டோம். டியூபின் ஆயுள் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் முனகும், உயர் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். ஆகவே பழசோ புதுசோ, பின்பக்கம் 230 அல்லது 240 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிராக் கிட்டில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரை 120-க்கோ 240-க்கோ கம்பி மாற்றிக் கட்டலாம். பினாங்குக்காரர் 240-க்குக் கட்டியிருந்தால், இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழைய ஆம்ப் பல புது ஆம்புகளைவிட நம் ஊருக்குப் பொருத்தமானது.

ஜப்பான்_சாமான்

கரண்டு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய ஆடியோ சாமான் இங்கே நிறையக் கிடைக்கிறது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போனால் பழைய வால்வு ஆம்ப் கண்ணில் படும், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையிலும் பார்க்கலாம். அவை 100 வோல்ட் சாமான்கள். கடையில் ஸ்டெப்டவுன் கேட்டால் 220-க்கு 110 என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அது பாதிக்குப் பாதி குறைப்பது. வீட்டில் 240 வந்தால் வெளியே 120. 100 வோல்ட் ஆம்புக்கு 120 என்றால் 20 சதவீதம் அதிகம், ஹீட்டரில் 7.5 வோல்ட்டுக்கு மேல் போகும். முதல் வாரம் பிரமாதமாகப் பாடும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும். 100 வோல்ட் வெளியீடு தனியாக உள்ள ஸ்டெப்டவுன்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் சாமான் தனியாக வரவழைக்கிறவர்களுக்கு அந்தப் பாதிக்குப் பாதி ஸ்டெப்டவுன் சரியாக வரும். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வெறும் 60-க்கென்று சிக்கனமாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மரில் இங்கே காந்தப் புலம் 20 சதவீதம் கூடுதலாக ஏறும். சூடாகும், உறுமும். 50/60 என்று இரண்டும் அச்சிட்டிருந்தால் பயமில்லை.

மிருதங்கச்_செவி

எல்லாரும் மின்சாரமே பேசுகிறீர்கள், நான் காதைப் பற்றிப் பேசுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். எச்டி 600-ஐ கிராக்கிலும் கேட்டிருக்கிறேன், ஹைப்ரிட் ஆம்பிலும் கேட்டிருக்கிறேன்.

கிராக்கில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து ஓசை, கொஞ்சம் பருத்துக் கேட்கிறது. கும்கி இழுக்கும்போது (இடக்கையை அழுத்தி ஓசையை வளைக்கும்போது) அந்த வளைவு நீளமாக நிற்கிற மாதிரி இருக்கும். வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு அடி கூர்மை குறையாமல் வரும், ஆனால் குத்தாது. பழைய மோனோ பதிவுகளில் குரல் முன்னால் வந்து நிற்கும், டேப் இரைச்சல் பின்னால் ஒதுங்கும். தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும் கச்சேரியை ரொம்ப நேரம் கேட்டாலும் காது சலிக்கவில்லை.

ஹைப்ரிடில் தாளம் துல்லியம். இரண்டு மிருதங்கம் சேர்ந்து வாசித்தால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மாணவர்களுக்குப் பாடம் எடுக்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இரவில் ரசிக்க மட்டும் என்றால் கிராக்.

கிள்ளான்_கேட்பவர்

அக்கா, அந்தத் தொப்பி பருமன் பதிவில் இருப்பது இல்லை, ஆம்ப் சேர்ப்பது. கணக்குப் போட்டே காட்டலாம். கிராக்கின் வெளியீட்டுத் தடை (ஹெட்ஃபோனுக்குப் போகும் வழியில் ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை) ஏறக்குறைய 120 ஓம். எச்டி 600-க்கும் 650-க்கும் பெயரளவில் 300 ஓம், ஆனால் கீழ் ஸ்தாயியில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 வரை ஏறுகிறது. தடை ஏறும் இடத்தில் ஹெட்ஃபோனுக்கு அதிக வோல்டேஜ் கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் மற்ற இடத்தைவிட ஏறத்தாழ 1 டெசிபல் கூடுதல் வருகிறது. கம்ப்யூட்டரில் ஈக்வலைசரைத் திறந்து அதே 1 டெசிபலை ஏற்றிக்கொள்ளலாமே, அதற்கு எதற்கு 1,200 வெள்ளி?

வால்வு_மாமா

1 டெசிபல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்கதை அதுவல்ல. டிரையோடு வால்வு சத்தம் ஏற ஏற இரண்டாவது ஒத்திசைவைத் துளித்துளியாகச் சேர்க்கிறது. அது மூல சுருதிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருப்பது, அதனால் காதுக்குப் பகையாக இல்லை. ஈக்வலைசர் அதைச் செய்யாது. செய்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது என்பீர்கள், சரி, அதைப் போட்டுக் கேளுங்கள். எனக்கு ஆம்பை ஆன் செய்து, அது சூடாகும் வரை காத்திருந்து, பிறகு பாட்டுப் போடுவதுதான் நிறைவு.

மிருதங்கச்_செவி

கிள்ளான் தம்பி சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆம்ப் சேர்ப்பதுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதற்குக் காரணமும் இப்போது தெரிந்துவிட்டது. நன்றி. செந்தூல் நண்பருக்குப் பிடிக்குமா என்பதை அவர் ஹெட்ஃபோனைக் கொண்டுபோய்க் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 650-இல் கீழ் ஸ்தாயி ஏற்கெனவே 600-ஐவிடச் சற்றுத் தடிமன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. விற்பவர் உள்ளே எடுத்த படம் அனுப்பிவிட்டார், 240-க்குத்தான் கட்டியிருக்கிறாராம். அடுத்த வாரம் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் பினாங்கு போகிறேன், நேரில் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருக்கிறது. அங்கே போய் என்னென்ன பார்க்க வேண்டும்?

முன்பே சொல்ல விட்டுப்போனது ஒன்று: வீட்டில் ஹைஃபைமேன் சுந்தரா ஹெட்ஃபோனும் இருக்கிறது. மனைவி அதில்தான் கேட்கிறார்.

பாயான்_டெக்

சுந்தரா இருக்கிறதா! அது பெரிய விஷயம். சோதனையை முதலில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஆம்ப் ஆன் ஆவதற்கு முன்பே போய்விடுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் அணைத்து ஆற வைக்கச் சொல்லுங்கள். டியூப்களைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கண்ணாடியில் வெள்ளி பூசிய மாதிரி ஒரு திட்டு இருக்கும். அது பளபளப்பாகவோ கொஞ்சம் பழுப்பாகவோ இருக்கலாம். பால் வெள்ளையாகிவிட்டால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த டியூப் செத்தது. சாக்கெட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், தீவில் கடல் காற்று உண்டு. டியூபைத் தள்ளும்போது இறுக்கமாகப் போக வேண்டும்.

ஆம்பைத் தலைகீழாகத் திருப்பி, கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் மட்டும். அணைத்த பிறகும் உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், விரலை விடாதீர்கள்.

பிறகு ஹெட்ஃபோன் மாட்டாமல் ஆன் செய்யுங்கள். இரண்டு டியூபும் நன்றாகச் சூடாகட்டும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஹெட்ஃபோன் துளையில் இடது, வலது இரண்டையும் தரைக்கு எதிராக அளங்கள். ஓடிஎல் ஆம்பில் வால்வின் உயர் வோல்டேஜுக்கும் உங்கள் ஹெட்ஃபோனுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கெப்பாசிட்டர். அது கசிந்தால் டிசி நேராகக் காயிலுக்குப் போகும். ஒரு சில மில்லிவோல்ட் என்றால் நல்லது. 50-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் என் ஹெட்ஃபோனை அதில் மாட்ட மாட்டேன்.

அது தேறினால் முதலில் மலிவான ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டுங்கள், வால்யூம் அடியில் இருக்கட்டும். உறுமல் இருக்கிறதா? திருகைச் சுற்றும்போது கரகரப்பா? குறைந்த சத்தத்தில் இடது வலது சமமா? பென்சிலின் ரப்பர் முனையால் டியூபை லேசாகத் தட்டுங்கள். மெல்லிய டிங் பரவாயில்லை, நீண்ட ஓலம் என்றால் டியூப் மாற்ற வேண்டும். கிராக்கில் ஒரே டியூபின் இரண்டு பாதிகள் இடமும் வலமுமாக வேலை செய்கின்றன, அதனால் இடது வலது டியூபை மாற்றிப் போட்டுப் பார்க்கும் வித்தை இங்கே நடக்காது. இன்னொரு 12ஏயூ7 கையில் இருந்தால்தான் கோளாறு டியூபிலா சர்க்யூட்டிலா என்று தெரியும்.

இப்போது சுந்தரா. அது 37 ஓம் பிளானார், அதாவது தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை. 120 ஓம் வெளியீட்டில் 37 ஓமை மாட்டினால் வோல்டேஜில் முக்கால் பங்கு ஆம்புக்குள்ளேயே தங்கிவிடும். பிளானாருக்கு வேண்டியது கரண்டு, 6080 ஒன்றால் அவ்வளவு கொடுக்க முடியாது. சத்தம் வரும், ஆனால் கொஞ்சம் ஏற்றினால் பிசிறடிக்கும். உங்கள் மனைவிக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் என்றால் கிராக்கை மறந்துவிடுங்கள், பழசு புதுசு என்ற கேள்வியே இல்லை. வாலி 3 அல்லது அது போன்ற ஹைப்ரிட்.

கிள்ளான்_கேட்பவர்

இதைத்தான் முதலிலேயே சொன்னேன், எந்த ஹெட்ஃபோனை மாட்டினாலும் வேலை செய்யும் என்று.

ஓடிஎல்தான் வேண்டும், ஆனால் தடையும் குறைவாக வேண்டும் என்றால் நடுவழியும் உண்டு. ஷிட் வல்ஹல்லாவின் இரண்டாம் பதிப்பு 2014-இல் வந்தது. முதல் பதிப்பில் இல்லாத கெயின் ஸ்விட்ச் (பெருக்கும் அளவைக் கூட்டிக் குறைப்பது) அதில் உண்டு, குறைந்த கெயினில் வெளியீட்டுத் தடை 4 ஓமுக்கும் கீழே. பழைய மாடல், புது மாடல் என்று பார்த்தால் வல்ஹல்லா விஷயத்தில் புதுசு நிஜமாகவே வேறு ஆம்ப். ஆனால் அதிலும் சுந்தராவுக்கு முழுப் பலம் கிடைக்காது. வாங்கினால் 230 வோல்ட் பதிப்பா என்று பாருங்கள்.

செந்தூல்வாசி

மனைவியிடம் கேட்டேன். இப்போதிருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்பே அவருக்குப் போதுமாம், சூடான கண்ணாடி மேசைமேல் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எனவே வாங்கப்போகும் ஆம்ப் எச்டி 650-க்கு மட்டும். பிள்ளைகள் கைபடாமல் அலமாரியின் மேல்தட்டில் வைக்க இடம் பார்த்துவிட்டேன், மேலே திறந்த வெளி.

டியூப் கிடைப்பது எப்படி? பத்து வருஷம் கழித்து 6080 கிடைக்குமா?

வால்வு_மாமா

6080, 6ஏஎஸ்7, ரஷ்யர்களின் 6என்13எஸ் எல்லாம் பெரும்பாலும் பழைய இருப்புதான். அந்தக் காலத்தில் ராணுவத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏராளமாகச் செய்து குவித்தார்கள், அதனால் இன்னும் கிடைக்கிறது, விலையும் நியாயம். இப்போதே மாற்று ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். வால்வு பெட்டியில் இருந்தால் கெடாது.

12ஏயூ7 பற்றிக் கவலையே வேண்டாம், கிட்டார் ஆம்ப் வரைக்கும் ஓடுகிற வால்வு. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே செய்கிறது, சீனாவில் செய்கிறார்கள், ரஷ்யாவில் சாரடோவ் நகரத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இன்றைக்குப் புதிதாக வரும் முல்லார்ட், டங்சோல் என்ற பெயர்கள் அந்தச் சாரடோவ் தொழிற்சாலையில் அச்சாகிறவை. இங்கிலாந்தில் பிளாக்பர்னில் செய்த பழைய முல்லார்டுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் உறவு. கெட்டது என்று சொல்லவில்லை, நன்றாகவே பாடும். பழைய முல்லார்ட் விலை கொடுத்து அதை வாங்கிவிடாதீர்கள் என்கிறேன். 2022-இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது ஒரே வாரத்தில் எல்லா இடத்திலும் விலை ஏறியதும் நினைவிருக்கட்டும். ஒரே தொழிற்சாலையை நம்பி எத்தனை பெயர்கள் ஓடுகின்றன என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஜப்பான்_சாமான்

பழைய டியூப் வாங்கும்போது மேலே உள்ள எழுத்தை நம்பாதீர்கள். துடைத்துவிட்டு வேறு பெயர் அடிப்பது பழைய வியாபாரம். டெலிஃபங்கன் என்று சொல்லி விற்றால், ஒன்பது கால் டியூபின் அடியில், கால்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் ஒன்று பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்பர்ன் முல்லார்டில் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் சின்னதாகக் குறியீடு பொறித்திருக்கும். அதை அழித்து எழுதுவது கடினம்.

வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் வாங்கினால் 2024 ஜனவரி முதல் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கும் 10 சதவீத வரி உண்டு. டியூப் ஒன்று இரண்டு வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

செந்தூல்வாசி

பினாங்கு போய் வந்துவிட்டேன்.

ஆம்ப் மேசைமேல், ஏர்கோன் அறையில் இருந்திருக்கிறது. சோல்டர் வேலை சுத்தம். வோல்டேஜ் கட்டியிருப்பது 240-க்கு, அவரே திறந்து காட்டினார். துளையில் அளந்தபோது இடது 2, வலது 3 மில்லிவோல்ட். உறுமல் இல்லை. 12ஏயூ7-ஐத் தட்டினால் ஓலம் வந்தது, அவரே இன்னொன்றை மாட்டினார், நின்றுவிட்டது. வால்யூம் திருகில் லேசான கரகரப்பு. உப்பல் எதுவும் இல்லை, ஆனால் மின்சப்ளைக் கெப்பாசிட்டர்கள் 2012-இல் போட்டவை, மாற்றவே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் பேரம் பேசக் கூச்சமாக இருந்தது. அவராகவே 1,000 வெள்ளிக்குக் கொடுத்தார், மாற்று 6080 ஒன்றும் சேர்த்து.

மிருதங்க அக்கா சொன்னதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன். தொப்பி பருத்துத்தான் கேட்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது டிரான்சிஸ்டர் ஆம்பில் வால்யூமைக் குறைக்கக் கை தானாகப் போகும், இதில் போகவில்லை.

டெக் அண்ணே, கெப்பாசிட்டரை இப்போதே மாற்றலாமா? ஜாலான் பசாரில் வாங்கிக்கொள்ளலாமா?

மிருதங்கச்_செவி

நாதஸ்வரத்தில் கேட்டுப் பார்த்தது நல்ல யோசனை. தவிலோடு சேர்ந்து வரும் பதிவு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். கீழ் ஸ்தாயி தடித்து நாதஸ்வரத்தை மூடுகிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

கிள்ளான்_கேட்பவர்

வாழ்த்துகள். 3 மில்லிவோல்ட் என்பது நல்ல நிலை. நான் வாங்கியிருந்தால் இன்னும் வாலிதான் வாங்கியிருப்பேன், ஆனால் 300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றுக்கு மட்டும் என்றால் உங்கள் தேர்வில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாயான்_டெக்

நல்ல ஆம்ப் கிடைத்திருக்கிறது. அவசரம் இல்லை, ஆனால் தீபாவளிக்குள் மாற்றிவிடுங்கள். ஜாலான் பசாரில் தாராளமாகக் கிடைக்கும், போகும்போது பழைய கெப்பாசிட்டரின் படத்தைக் கொண்டு போங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேலே, வெப்பம் 105 டிகிரி. பெயர் தெரிந்த ஜப்பான் கம்பெனி என்றால் நல்லது. மலிவாக இருக்கிறதே என்று கடையில் வருஷக் கணக்காகக் கிடந்ததை வாங்க வேண்டாம், பக்கத்தில் அச்சிட்ட தேதிக் குறியைப் பாருங்கள். திருகின் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி போதும்.

சோல்டர் பழக்கம் இல்லையென்றால் நீங்களே தொடாதீர்கள். தொடுவதாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் மாட்டிக் கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் கையை விட வேண்டும். மைனஸ் பக்கக் கோட்டை இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றி முடித்து முதல் முறை ஆன் செய்யும்போது பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து விடுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று நின்றெரிந்தால் உடனே அணைத்துவிட்டு இங்கே படம் போடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

செந்தூல்வாசி

குண்டு பல்பு இப்போது எங்கே கிடைக்கும்? கடைகளில் எல்லாம் எல்இடிதான் இருக்கிறது.

வால்வு_மாமா

பழைய ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள், மூலையில் ஒன்றிரண்டு கிடக்கும். இல்லையென்றால் அதே வாட் அளவில் 240 வோல்ட் ஹாலஜன் பல்பு வாங்குங்கள், அதே வேலை செய்யும். எல்இடி உதவாது. கெப்பாசிட்டர் மாற்ற ஆள் வேண்டுமென்றால் அடுத்த முறை மாமியார் வீட்டுக்கு வரும்போது ஆம்பையும் கொண்டு வாருங்கள், பட்டர்வொர்த்தில் நானே மாற்றிக் கொடுக்கிறேன்.